மூன்று தினுசு, ஒரு வரிசை

நீங்களே சொல்லுங்கள், ஒரு தடுப்பூசியும் ஒரு ஸ்கேனும் ஒரு தாய் வாயால் சொல்லிவிட்டுப் போன வாக்கும் ஒரே வரிசையில் நின்றால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? எனக்கு ஒன்றும் குறையாது. ஜெபராணி சிஸ்டருக்கும் குறையாது. மூன்று சின்ன கிளினிக்குகளுக்குத் தலைமை நர்ஸ் அவர், பதினெட்டு வருஷமாக இந்த மூன்று தினுசையும் ஒரே நீள நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த நோட்டைத்தான் நாங்கள் கம்ப்யூட்டர் புரோகிராமாக எழுதுகிறோம், அதைச் சரிபார்க்கிற கம்பைலருக்குத்தான் ஆகாது. பஸ் கிளம்பும் முன்பே ஏறி ஒவ்வொருத்தர் டிக்கெட்டாக வாங்கிப் பார்க்கும் செக்கிங் ஆபீசர் மாதிரி, நாம் எழுதின புரோகிராம் கோடை ஓடவிடும் முன்பே அது வரி வரியாகப் பார்க்கிறது. லிஸ்ட் என்றால் சரி, உள்ளே இருப்பதெல்லாம் என்ன டைப், ஒரே ஒரு பேர் சொல்லு என்கிறது. ஊசி என்றால் ஸ்கேனைக் காட்டி இது யார் என்கிறது. ஸ்கேன் என்றால் வாக்கைக் காட்டுகிறது. போன வாரம் முழுக்க அந்த ஒரு கேள்வி என் சோற்றில் கல்லாகக் கிடந்தது, பிள்ளைக்குத் தலை சீவும்போது சீப்பில் சிக்கியது. இப்போது மணி இரண்டு முப்பத்தொன்று. என் திரையில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. அதை நினைத்தாலே முதுகு தானாக நாற்காலியில் சாய்கிறது. காலைச் செருப்பிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தேன், ஜில்லென்று இருக்கிறது, கீழே டைல்ஸ் கடை என்பதால் எங்கள் ஆபீசுக்குக் கோவில்பட்டியிலேயே இல்லாத பளபளப்புத் தரை. முக்கால் மூச்சு வந்துவிட்டது. மீதிக் கால் மூச்சு மூலையில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் பெரிய மெஷினிடம் இருக்கிறது. நாங்கள் எழுதுவதெல்லாம் கடைசியில் அதற்குத்தான் போக வேண்டும். மூன்று கிளினிக்கின் கோடையும் அது மொத்தமாகச் சேர்த்துக் கட்டி, ஐந்நூற்றுச் சொச்சம் சோதனைகளை ஓட்டிப் பார்த்து, பச்சை அல்லது சிவப்பு என்று ஒரு வார்த்தை சொல்லும். பதின்மூன்று நிமிஷம் ஆகும். அனுப்பிவிட்டேன். மூன்று மணிக்கு சிஸ்டர் வருகிறார். பச்சை என்றால் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவேன். சிவப்பு என்றால் நாளையிலிருந்து நான் கீழே, டைல்ஸ் கடைக்குப் பின்பக்கம் இருக்கிற டைப்பிங் ஹாலில், என் பழைய நாற்காலியில். ஷெரின் அக்கா வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார். எங்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி, நாகர்கோவில்காரர், கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது, இறங்கும். "முப்பிடாதி, இனியொரு தடவை இப்படி ஆச்சுன்னா எனக்க கையில ஒண்ணும் இல்ல, கேட்டியா. கீழ உனக்க நாற்காலி சும்மாத்தான் கெடக்கு." மற்ற நாளில் நான் முப்பி. முழுப் பேரும் வந்தால் ஜாக்கிரதை. கேட்டேன் அக்கா, நன்றாகவே கேட்டது.

வெள்ளிக்கிழமையை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து இருக்கிறேன், அது கதவைத் தட்டாமலே வந்து உட்காருகிறது. ஷெரின் அக்கா எழுதின ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஒரே ஒரு வேலை செய்கிற சின்னத் துண்டுக் கோடு, 'முந்தியது' என்று பேர், ஒரு லிஸ்டைக் கொடுத்தால் அதில் எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக் கையில் தரும். ஊசி லிஸ்டா, தரும். ஸ்கேன் லிஸ்டா, தரும். எந்த டைப்புக்கும் பொதுவாக எழுதினது, எல்லாரும் அதைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே டைப். நான் மூன்றையும் கலந்து நீட்டினேன், வாங்க மாட்டேன் என்றது. எல்லாம் ஏதோ ஒரு பொருள்தானே, 'பொருள்' என்று வைத்துக்கொள் என்றேன். பொருள் என்றால் எதை வைத்து முந்தி பிந்தி என்று பார்ப்பது, பொருளுக்கு ஏது நாள் என்று அதற்கும் ஒரு சிவப்புக் கோடு. வியாழக்கிழமை சாயங்காலம், பிள்ளைக்குக் காய்ச்சல், பால்வாடியிலிருந்து இரண்டு போன், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்போதுதான் அந்தக் குறுக்கு வழி. அடைப்புக்குறிக்குள் ஒரு டைப்பின் பேரை எழுதி முன்னால் வைத்துவிட்டால், 'இது ஊசி லிஸ்ட்தான், நான் பொறுப்பு' என்று கம்பைலரிடம் அடித்துச் சொன்ன மாதிரி. மஞ்சளாக ஒரு எச்சரிக்கை வந்தது. அந்த எச்சரிக்கையை வாயை மூடு என்று சொல்லவும் ஒரு வரி உண்டு, அதையும் போட்டேன். அது மூடிக்கொண்டது. எங்கள் மகள் இனிகாவின் காதுகுத்தில் என் தம்பி மாடசாமி செய்தானே, அச்சு அசல் அதே வேலை. தாய்மாமன் சீர், தட்டு ஒற்றைப்படையில் வர வேண்டும், இருபத்தொன்று என்று சொல்லி வைத்திருந்தான், தெரு முனையில் எண்ணினால் இருபதுதான் இருக்கிறது, கண்ணாடியும் சீப்பும் வைத்த தட்டு வீட்டிலேயே நின்றுவிட்டது. மேளக்காரர் அடிக்கத் தொடங்கிவிட்டார். கூடவே கறிக்கு என்று ஓர் ஆட்டுக்கிடாய் பிடித்து வந்திருந்தான். "ஆட்டையும் ஒரு தட்டுன்னு வச்சுக்கிடுங்க மாமா, இருபத்தொண்ணு ஆயிட்டு, நடங்க" என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். தெருவில் ஒரு சிக்கலும் இல்லை, மாலை போட்டுக்கொண்டு ஆடு ஜம்மென்று நடந்து வந்தது. வீட்டு முன்னால் ஜமுக்காளத்தில் தட்டுகளை வரிசையாக இறக்கி, சபையில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும் அல்லவா, என் வீட்டுக்காரரின் அத்தை மூக்குக்கண்ணாடியும் போடாமல் ஒன்று, இரண்டு என்று தூக்கிக்கொண்டே வந்தவர் இருபத்தொன்றாவதற்கும் அதே வேகத்தில் குனிந்து இரண்டு கையையும் அடியில் கொடுத்தார். ஆடு துள்ளின துள்ளலில் வெற்றிலைத் தட்டு ஒரு பக்கம், பட்டுப்பாவாடை ஒரு பக்கம், அத்தை பக்கத்திலிருந்த மாமாவின் மடியில். சிரித்து முடிக்க மூன்று நாள் ஆனது. வெள்ளிக்கிழமை யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் முன்னால் திரையைத் திருப்பி வைத்து, 'இன்றைக்கு யார் முதலில்' என்ற பட்டனை நான்தான் அழுத்தினேன், பெருமையாக, வளையலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு. ஊசி என்று நினைத்து ஸ்கேனைத் தூக்கப் போயிருக்கிறது உள்ளே. திரை வெள்ளையாகி, நடுவில் இங்கிலீஷில் நாலு வரி நின்றது. சிஸ்டர் அதை முழுசாகப் படித்தார், பிறகு என்னைப் பார்த்து, "இதுல யார் பேரையும் காணோமேம்மா" என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "பரவால்லம்மா, எனக்கு எம் நோட்டு இருக்கு" என்று பையிலிருந்து எடுத்து மடியில் விரித்து, மறுநாள் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் பக்கத்தில் நின்று அழுகையை மூக்கு வழியாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். இந்தக் குழப்பத்தை இழுத்துவிட்டதே நான்தான். ஊசியும் ஸ்கேனும் மட்டும்தான் முதலில் இருந்தன. வாக்கு என்று மூன்றாவது ஒரு டைப் வேண்டும் என்று அடம்பிடித்தது நான். ஷெரின் அக்கா, அதைக் குறிப்பு என்ற கட்டத்தில் எழுதிக்கொள்ளட்டும் என்றார். குறிப்பில் எழுதினால் யார் படிப்பது? எங்கள் பக்கத்துப் பெண்களிடம் பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமை வா என்று அட்டையில் எழுதிக் கொடுத்தால் தலையை ஆட்டுவார்கள், வர மாட்டார்கள். "கொடை கழிஞ்சு வாறேன் சிஸ்டர்", "எங்க மாமியா ஊர்லருந்து வந்துரட்டும் சிஸ்டர்" என்று அவர்களாகச் சொல்லிவிட்டுப் போனால் அதைத் தப்பவிட மாட்டார்கள். நானே அப்படித்தான், இனிகாவின் ஒன்பதாம் மாத ஊசியை அட்டைத் தேதிக்கு விட்டுவிட்டு, நான் சொன்ன சமயத்துக்குப் போய்ப் போட்டேன். சிஸ்டர் அந்தப் பேச்சை அப்படியே நோட்டில் எழுதி, ஓரத்தில் தனக்குத் தோன்றுகிற ஒரு தேதியைப் பென்சிலில் போடுவார். எந்த ஊர்க் கோயிலில் கொடைத் திருவிழா எப்போது முடியும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பென்சில் தேதியோடுதான் வாக்கு என்ற டைப்பை எழுதினேன். எழுதினது சரி, அப்புறம் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்ட மாட்டேன் என்று நின்றதே. அழுகையை இழுத்துக்கொண்டு நின்ற அந்த நேரம் சிஸ்டரின் விரல் நோட்டில் கீழே கீழே இறங்குகிறது, உதடு முணுமுணுக்கிறது: "இது என்னைக்கு... இது என்னைக்கு..." ஊசிக்கும் என்னைக்கு, ஸ்கேனுக்கும் என்னைக்கு, கொடை கழிஞ்சு வருகிறவளுக்கும் என்னைக்கு. இது என்னது என்று ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. எனக்கு உடனே ஒன்றும் பளிச்சென்று எரிந்துவிடவில்லை, மூக்கைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளையைத் தூங்கப் போட்டுக்கொண்டே, தட்டுகிற கையின் தாளத்தில் அந்த என்னைக்கு என்னைக்கு மறுபடி வந்தது. ஒரு சங்கம் மாதிரி ஒன்றை உண்டாக்கினால்? 'நாளுள்ளது' என்று பேர். அதில் சேர ஒரே ஒரு நிபந்தனை, என்னைக்கு என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். மற்றபடி உன் உடம்பில் வேறு என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்க மாட்டோம். ஊசி கையெழுத்துப் போட்டது, ஸ்கேன் போட்டது, வாக்கும் பென்சில் தேதியைக் காட்டிப் போட்டது. கம்பைலர் வந்து உள்ளே இருப்பதெல்லாம் என்ன டைப், ஒரே பேர் சொல்லு என்றால், நாளுள்ளது. பொய் இல்லை, அடித்துச் சொல்வது இல்லை. படித்த ஆட்கள் இதற்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் பார்த்தேன், பெரிய பேர்தான் இருந்தது. எனக்குப் பேர் எப்போதும் பிந்தித்தான் வரும். வேலைக்கு நேர்முகம் பார்க்கும்போது, ஃபங்ஷனுக்குள் எதுவெல்லாம் போகலாம் என்கிற கூட்டத்துக்கு என்ன பேர் என்று கேட்டார்கள், நான் சத்தமாக "மதிப்பகம்" என்றேன். பள்ளிக்கூடத்தில் சார்பு, மதிப்பகம், துணை மதிப்பகம் என்றுதான் படித்தது. இங்கிலீஷ் பேரை எதிர்பார்த்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஷெரின் அக்கா சிரிக்கவில்லை, அவரும் தமிழில் படித்தவர் என்று பிறகு தெரிந்தது.

மணி இரண்டு முப்பத்தாறு. பெரிய மெஷின் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று என் திரையில் வரி வரியாக ஓடுகிறது, முதல் கிளினிக்கின் பகுதி கட்டி முடிந்தது, அதுதான் நான் எழுதினது, அது என் மெஷினிலேயே கட்டிப் பார்த்ததுதான். இப்போது இரண்டாவது கிளினிக். அது வேறு ஆட்கள் எழுதினது. அங்கேதான் பயம். அவர்கள் பழைய மாதிரி வெறும் ஊசி லிஸ்டைத்தான் 'முந்தியது'க்குக் கொடுப்பார்கள். ஊசி ஒரு நாளுள்ளதுதான், ஆகவே ஊசி லிஸ்டும் நாளுள்ளதின் லிஸ்ட்தானே என்று நானும் முதலில் நினைத்தேன். இல்லை என்கிறது கம்பைலர். நேற்று இதற்கு ஒரு மணி நேரம் போனது. ஏன் இல்லை, ஏன் இல்லை என்று மோதிக்கொண்டே இருந்தவள் பக்கத்து வீட்டு அமுதா மதினியை நினைத்ததும் சிரித்துவிட்டேன். இனிகாவுக்குப் பால் வாங்குகிற தூக்குவாளி, மதினி ஒரு நாள் அவசரத்துக்கு "ஏதாவது ஒரு பாத்திரம் குடு" என்று கேட்டாள், கொடுத்தேன். எங்கள் ஊரில் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், மதினியும் மரியாதைப்பட்டவள், கருவாட்டுக் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்தாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. பாத்திரம் என்று கேட்டாள், பாத்திரத்தில் எதையும் ஊற்றலாம். ஆனால் எனக்கு அது பால் தூக்கு, புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்தியும், நாலு நாள் பிள்ளை பாலை முகர்ந்து பார்த்துவிட்டு என்னை முறைத்தது. ஊசி லிஸ்டை நாளுள்ளது லிஸ்ட் என்று சொல்லிக் கொடுத்தால், வாங்கினவர் உள்ளே ஒரு ஸ்கேனைப் போட்டுத் திருப்பித் தந்துவிடலாம், அதுதான் கம்பைலரின் பயம். எவ்வளவு நியாயமான பயம். ஆகவே ஃபங்ஷன் வாங்கும்போதே, நாளுள்ளது அல்லது அதில் ஏதோ ஒரு வகை, எடுத்துப் பார்ப்பேன், உள்ளே ஒன்றும் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லை 'முந்தியது'வில் போட்டேன். அதே மாதிரி இன்னொரு ஃபங்ஷன், 'இன்றையவை', அன்றன்றைக்கு உள்ளதையும் நாள் தாண்டி நிற்பதையும் மட்டும் பொறுக்கித் தருவது, அதிலும் போட வேண்டும். போட்டேனா? போட்டேன். போட்டேனா? கோப்பைத் திறந்து பார்த்தேன், இருக்கிறது, இரண்டு சொல்லும் லட்சணமாக உட்கார்ந்திருக்கிறது. அப்பாடா. ஆனால் சேவ் பண்ணிவிட்டு அனுப்பினேனா, அனுப்பிவிட்டு சேவ் பண்ணினேனா? அனுப்பப் போன நேரத்தில்தான் ஷெரின் அக்கா கூப்பிட்டார், புரொஜக்டர் வயர் எங்கே என்றார், நான் எழுந்து போய் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, உட்கார்ந்து, என்ன செய்தேன்? கை எதை முதலில் அழுத்தியது? என் திரையில் இருப்பது இப்போது இருப்பது. அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் போனது எது? வீட்டைப் பூட்டி பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு கேஸ் அடைத்தோமா என்று நினைப்பு வருமே, அடைத்தது கண்ணுக்குள் தெரியும், ஆனால் தெரிவது இன்றைக்கு அடைத்ததா நேற்று அடைத்ததா என்றுதான் தெரியாது. உள்ளங்கை வேர்க்கிறது. சேலையில் துடைத்தேன். நிறுத்திவிட்டு மறுபடி அனுப்பலாமா என்றால் மறுபடி பதின்மூன்று நிமிஷம், சிஸ்டரோ எப்போதும் முன்கூட்டியே வருகிறவர். கீழே டைல்ஸ் அறுக்கும் மெஷின் கீச்சென்று ஒரு மூச்சு அறுத்துவிட்டு நிற்கிறது. டைப்பிங் ஹாலில் அந்தச் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்கும், இரண்டு வருஷம் கேட்டிருக்கிறேன். கெட்ட இடம் ஒன்றும் இல்லை. யாரோ எழுதினதைப் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும், எழுத்துப் பிழையாக இருந்தாலும் பிழையோடு. அங்கே எவளும் எதற்கும் ஒரு பேர் வைக்க வேண்டாம். இனிகா கைப்பிள்ளையாக இருந்தபோது ஒரு கையில் அவள், அரிசி டின்மேல் சாய்த்து வைத்த போனில் பாடம், ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கோடு எழுதிப் பழகினேன். அவள் பால் குடித்துத் தூங்குவதற்குள் ஒரு ஃபங்ஷன் முடிக்க வேண்டும் என்று பந்தயம். அந்த விரல் திரும்பக் கீழே போய் அடுத்தவன் பிழையை அடிக்க வேண்டுமா?

போன் அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் வேல்ச்சாமி, குரல் பதிவு. காதோரம் வைத்தேன், குட்டியானை லோடு வண்டியின் கடகடவுக்கு நடுவில் அவர் குரல். "ஏ முப்பி, பச்சையா, செவப்பா? பாப்பாவைக் கூப்பிடப் போறேன். செவப்புன்னா மனசை விட்ராத, கீழயாச்சும் ஏசி நல்லா ஓடும்." இந்த மனுஷனை வைத்துக்கொண்டு. சிரிப்பு வந்துவிட்டது. பதில் போடவில்லை. பச்சை என்று போட்டுவிட்டுச் சிவப்பாகிவிட்டால் என்ன செய்வது, அடித்துச் சொல்கிற வேலையெல்லாம் இனிமேல் கிடையாது. இரண்டு முப்பத்தொன்பது. இரண்டாவது கிளினிக் இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறது, புள்ளி புள்ளியாக ஒரு வரி நீளுகிறது. காலையில் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றின் டப்பா மேஜைக்கடியில் வாசம் அடிக்கிறது, பாதிதான் சாப்பிட்டேன். ஷெரின் அக்கா பின்னால் வந்து நிற்கிறார், திரும்பாமலே தெரிகிறது, அவர் தேய்க்கிற தைல வாசம். திரையைப் பார்க்கிறார். "அக்கா, உங்க ஃபங்ஷன்ல கை வச்சுட்டேன்." "தெரியும். பாத்தேன்." "கோபமா?" "எனக்க ஃபங்ஷன் என்ன எனக்க பிள்ளையா, கை வச்சா அழுகதுக்கு?" குரல் இறங்கவில்லை. சாதாரணமாக இருக்கிறது. திரையைச் சுட்டி, "ரெண்டுலயும் மாத்துனியா?" என்றார். "மாத்துனேன் அக்கா. மாத்துனதுக்குப் பெறகுதான் அனுப்புனேனான்னுதான்..." அவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார், என் நாற்காலி லேசாக ஆடுகிறது, ஆக அவருக்கும் பதற்றம்தான். இரண்டு நாற்பது. புள்ளி நின்றது. நின்றால் ஒன்று முடிந்திருக்க வேண்டும், இல்லை உடைந்திருக்க வேண்டும். பிள்ளை விளையாடுகிற சத்தம் திடீரென்று நின்றால் வருமே ஒரு குளிர், அது. சேவ் பண்ணின விரல் எது, சுண்டுவிரலும் நடுவிரலும், சுண்டுவிரல் ஒரு ஓரத்தில், ஆமாம், அப்போது சுண்டுவிரல் நகத்தில் மருதாணி பாதி வளர்ந்து நின்றதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் அக்கா கூப்பிட்ட சத்தம், அப்படியானால் முதலில் சேவ், பிறகு வயர், பிறகு அனுப்பினது, இல்லை மருதாணியைப் பார்த்தது மத்தியானம் சோறு பிசையும்போதா? இரண்டாவது கிளினிக் கட்டி முடிந்தது என்று ஒரு வரி விழுந்தது. விழுந்ததைப் படித்தேன். திரும்பவும் படித்தேன். 'இன்றையவை'யை அவர்கள் ஒன்பது இடத்தில் கூப்பிடுகிறார்கள், ஒன்பதும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மருதாணிக்கு நூறு கும்பிடு. மூன்றாவது கிளினிக் மளமளவென்று கட்டிவிட்டது, அது சின்னதுதான். அப்புறம் சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைப் பொட்டு, நாற்பது, எண்பது, இருநூறு, மழைக்கு முளைத்த பயறு மாதிரி வரிசை வரிசையாக, ஊசி மட்டும் உள்ள லிஸ்ட், ஸ்கேன் மட்டும் உள்ள லிஸ்ட், ஒன்றுமே இல்லாத லிஸ்ட், மூன்றும் கலந்த லிஸ்ட். மூன்றும் கலந்த லிஸ்டுக்கும் பொட்டு. வெள்ளிக்கிழமை என்னை வெள்ளையாக்கின அதே லிஸ்டுக்கு. ஐந்நூற்றுப் பதினேழு. பச்சை. அடியில் அந்த ஒரு வார்த்தை. மூச்சு விடுகிறேன், விட்ட மூச்சு இடுப்பு வரை இறங்கிப் போகிறது, இவ்வளவு இடம் எனக்குள் இருந்ததா? ஷெரின் அக்கா நாற்காலியை விட்டார். "கொள்ளாம்" என்றார், நன்றாயிருக்கிறது என்பதற்கு அவர் ஊர்ப் பேச்சு. அவ்வளவுதான். திரும்பி நடந்தார். நாலு எட்டு வைத்து நின்று, "முப்பி, கீழ உனக்க நாற்காலியை வேற ஆளுக்குக் குடுத்திரச் சொல்லியாச்சு. நேத்தே" என்றார். நேற்றேயா? அப்போது வெள்ளிக்கிழமை சொன்னது? என்னை இப்படி வேர்க்க வைத்துவிட்டு, நேற்றே! சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். வீட்டுக்காரருக்கு ஒரு பச்சைப் பொட்டு மட்டும் அனுப்பினேன்.

சிஸ்டர் மூன்றுக்குப் பத்து நிமிஷம் முன்பே வந்துவிட்டார், படி ஏறின மூச்சு வாங்க, கையில் அந்த நீள நோட்டு. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, நோட்டைக் கொண்டுவந்திருக்கிறார். கொண்டுவராமல் என்ன செய்வார், வெள்ளிக்கிழமை நான் செய்த காரியத்துக்கு. நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். "என்னம்மா, இன்னைக்காவது பேரைக் காட்டுமா, இல்ல இங்கிலீசுதானா?" என்றார். "பேரு வரும் சிஸ்டர்." வளையலை இந்தத் தடவை தள்ளவில்லை. ஐந்நூற்றுப் பதினேழு பொட்டும் என் கண்முன்னால்தான் விழுந்தது, இருந்தாலும் விரலைப் பட்டன்மேல் வைத்துவிட்டு ஒரு தடவை எடுத்தேன், உடம்புக்கு எதுவும் பிந்தித்தான் தெரியும். அழுத்தினேன். வெள்ளையாகவில்லை. ஒரே வரிசை, நோட்டைப் பார்த்து ஏற்றின பதினாலு பேர், ஊசியும் ஸ்கேனும் வாக்கும் தோளோடு தோளாக. சிஸ்டர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மேலேயிருந்து விரலை வைத்தார், கண்ணாடியில் கைரேகை பதிய. "என்னைக்கு" என்று அவர் வாய் ஆரம்பித்தது, ஆரம்பித்து நின்றுவிட்டது. முதல் பேரிலேயே நிற்கிறது விரல். ரத்தினக்கிளி, மேலப்பட்டி. இரண்டாவது பிள்ளை, மூன்றரை மாத ஊசி. வாக்கு: உளுந்து எடுத்து முடிச்சதும் வாறேன். சிஸ்டர் நோட்டை விரித்தார், புரட்டினார், முன்னாலும் பின்னாலும், தேடுகிற கை வேகமாகிக்கொண்டே போனது. ஒரு பக்கத்தின் அடி ஓரத்தில், வேறு ஏதோ ஸ்கேன் விவரத்துக்குக் கீழே நெருக்கி, அவர் கையெழுத்திலேயே இருந்தது அது, பென்சில் தேதி அழிந்து சாம்பலாக. தேதி போன வாரமே போய்விட்டது. மற்றதை எல்லாம் தாண்டி அதனால்தான் முதலில் வந்து நிற்கிறது. நோட்டில் அந்தப் பக்கத்தை இந்த ஒரு வாரத்தில் எத்தனை தடவை திறந்திருப்பார், விரல் அந்த ஓரத்துக்குப் போகவே இல்லை. பெருமைப்பட வேண்டிய இடம்தான், எனக்கு அந்த ரத்தினக்கிளிதான் கண்ணில் தெரிந்தாள், உளுந்தங்காட்டில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, முடிந்ததும் போகலாம் முடிந்ததும் போகலாம் என்று. "எப்படிம்மா விட்டேன் இதை" என்று சிஸ்டர் திரையிடம் கேட்டார். பிறகு நோட்டை மூடி, மடியிலிருந்து எடுத்து மேஜையின் அந்தப் பக்கம் வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எம்மா, மேலப்பட்டிப் பக்கம் உளுந்து எடுத்து நாலு நாளாச்சு. எங் கண்ணுக்கு நம்பர் மங்கலாத் தெரியுது. ரத்தினக்கிளிப் பிள்ளைக்கு நீயே ஒரு போனைப் போட்டு எங்கையில குடேன்."